சின்ன ர போட்ட சீட்டு

ஆறாம் வகுப்பு நடைப்பயணம் எங்கே போகலாம் என்று எல்லாரும் சீட்டு எழுதிப் போட்டார்கள். ராதாமணி டீச்சர் பிரித்துப் படித்தார். முப்பத்தொரு சீட்டில் யானைமலை. ஒன்றே ஒன்று மட்டும் திமிராக ‘பரவை’ என்றது.

“அது என் சீட்டு, டீச்சர்,” என்று எழுந்து நின்றாள் தமிழ்ச்செல்வி.

“பறவைக்குப் பெரிய ற போடணும். பேர்ல மட்டும் தமிழ வெச்சிருக்கா,” என்றான் அருண்பாண்டி. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

“தப்பில்ல. அது எங்க ஊரு. பரவைன்னா கடல்னும் அர்த்தம். டீச்சர்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

“பரவைக்குப் போயி? அங்க காய்கறி மார்க்கெட்ல வெங்காயம் உரிக்கவா?” என்றான் அருண்பாண்டி.

“ஊருக்குப் பின்னால கண்மாய் இருக்கு. கரைமேலயே அங்க இருக்க மலையடிவாரம் வரைக்கும் நடக்கலாம். கூட்டமே இருக்காது. அம்புட்டு அழகு.”

“முப்பத்தொண்ணுக்கு ஒண்ணு,” என்றார் டீச்சர். “மாத்திக்கிறியாம்மா?”

“மாத்த மாட்டேன்.” அவள் உட்காரவில்லை. “யானைமலைப் படியில பாலமுரளி எப்படி ஏறுவான்?”

பாலமுரளிக்குக் கால் மாவுக்கட்டுப் பிரித்து இரண்டு வாரம்தான் ஆகிறது. நடக்கலாம், படி ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“அவன் பஸ்லயே உக்காந்து பையெல்லாம் பாத்துக்கட்டும். அவனே யானைமலைன்னுதான எழுதியிருக்கான்?” என்றான் அருண்பாண்டி.

தமிழ்ச்செல்விக்குச் சுருக்கென்றது. “ஏன்டா அப்படி எழுதுன?”

பாலமுரளி தலையைக் குனிந்துகொண்டான். “நான் மட்டும் மாத்தி எழுதுனா சிரிப்பாங்கள்ல?”

தமிழ்ச்செல்வி வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

“நீங்க எங்க வேணாப் போங்க. இவன விட்டுட்டுப் போற இடத்துக்கு நான் வரல. நாங்க ரெண்டு பேரும் டவுன் பஸ் புடிச்சுப் பரவைக்குப் போறோம்,” என்றாள் தமிழ்ச்செல்வி.

டீச்சர் சீட்டுகளை அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டார். “எல்லாரும் திருப்பி எழுதுங்க.”

இந்த முறை பதினெட்டுச் சீட்டில் பரவை வந்தது. அதிலும் நான்கு பேர் பெரிய ற போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை, பைகளை டிரைவர் அண்ணன் பார்த்துக்கொண்டார். பாலமுரளி முன்னால் மெதுவாக நடந்தான். அதனால் எல்லாரும் மெதுவாகவே நடந்தார்கள். கண்மாயில் மழைத் தண்ணீர் கண் எட்டும் தூரம் வரை அலையடித்துக்கொண்டு கிடந்தது.

நாரைக் கூட்டமொன்று தண்ணீரிலிருந்து மொத்தமாக எழும்பியபோது அருண்பாண்டி கையை நீட்டிக் காட்டினான்.

“டீச்சர், இந்த ஊருக்குச் சின்ன ரவும் சரிதான், பெரிய றவும் சரிதான்.”

“அது எனக்கு எப்பவோ தெரியும்,” என்றாள் தமிழ்ச்செல்வி.