கேமரா பூசாத முகம்

எட்டுப் படங்களிலும் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த புள்ளிகள் ஒரே இடத்தில் விழுந்திருந்தன.

அப்படி விழாது. இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் வரும் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறும். கல்யாண ஆல்பங்களில் அவற்றைத் துடைத்துத் துடைத்தே பதினோரு வருடமாக வயிறு வளர்த்தவள் அவள். ஸ்டூடியோ மாடியில், மத்தியான வெயில் கண்ணாடி வழியாக முதுகைச் சுட, கம்ப்யூட்டரின் ஃபேன் ஒரே சுருதியில் முனக, பழைய திரைச்சீலைத் தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசனைக்குள் அவள் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். பின்னால் ஸ்டூலில் தங்கையின் கணவன் உட்கார்ந்திருந்தான். ஜாமீனில் வந்து ஒன்பது நாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, போலீஸ் கண்ணில் படாமல் சிக்கிக் கிடந்த தங்கையின் சின்னக் கேமராவை அவன்தான் இன்று காலை கண்டெடுத்துக் கொண்டு வந்தான்.

“அக்கா, அதுல ஏதாவது இருக்கா? நாளைக்குக் கோர்ட்டு. ஒண்ணும் இல்லேன்னா நான் மறுபடி உள்ளதான்.”

“இரு தம்பி. அவசரப்படுத்தாத.”

எட்டில் ஒன்றை அவள் முன்பே பார்த்திருந்தாள். கொலை நடந்த அன்று சாயங்காலம் கரண்ட் போனபோது, கேமராத் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டுத் தங்கை கூப்பிட்டாள்.

“படத்துக்கு டாக்டர்னு பீத்திக்குவியே, இதைப் பாரு. அலமாரி பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி இல்ல? மூஞ்சி மட்டும் தண்ணில கரைஞ்ச பெயிண்ட் மாதிரி.”

“அடியே, சின்னக் கேமராவுக்கு இருட்டுல கண்ணு தெரியாது. புள்ளியை மறைக்கத் தானா பூசி மெழுகிடும். முடி, துணி, சுவர் எல்லாம் ஓவியம் மாதிரி ஆயிடும். நான் தினமும் பாக்குறதுதான்.”

“அப்போ பேய் இல்லையா?”

“நீ இருக்கிற வீட்டுல பேய் எப்படிக் குடியிருக்கும்? பேசாம படு.”

தங்கை சிரித்தாள். நம்பினாள். அந்த அறையிலேயே இருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து வேலையிலிருந்து வந்த கணவன்தான் பிணத்தை முதலில் பார்த்தான். தாடை ஒரு பக்கமாகப் பெயர்ந்து, மூக்கு கன்னத்துக்குப் போயிருந்தது. கட்டிலின் தலைமாட்டிலிருந்து கூரை வரை ரத்தம். கடப்பாரை என்றது போலீஸ். பூட்டு உடையவில்லை, இன்னொரு சாவி அவனிடம்தான் இருந்தது.

அவள் எட்டுப் படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். தொழிலில் தெரிந்த வழிதான். இடம் மாறும் புள்ளிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உண்மையில் இருந்தது மட்டும் மிஞ்சும். கேமரா பூசிய பிரதிகளை அவள் எடுக்கவில்லை. கூடவே அது சேமித்திருந்த, கை வைக்காத மூலப் பிரதிகளை எடுத்தாள். அப்படிச் சேமிக்கும்படி கேமராவை அமைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

இரண்டு. நான்கு. எட்டு.

இருட்டு தெளிந்தது. அலமாரியின் கைப்பிடி. மரத்தின் ரேகை. பக்கத்தில் ஒரு தோள். அலமாரியின் உச்சிக்குத் தலை. கழுத்தின் தோல் மடிப்புகள்கூட எண்ணிவிடலாம் போலத் துல்லியமாக இருந்தன. அதற்கு மேலே முகம் கரைந்திருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்திலிருந்து காது வரை சதையைத் தூரிகையால் இழுத்த தடம்.

கேமரா எதையும் பூசவில்லை. முகமே அப்படித்தான் இருந்தது.

அவள் வாயில் ரத்தம் கரித்தது. நாக்கைக் கடித்திருந்தாள்.

“தம்பி, இது நீ இல்ல.” குரலை அடக்கிக்கொண்டாள். “உன்னை மாதிரி ஒன்றரை மடங்கு உயரம். எழுந்து அந்தச் சுவரோரமா நில்லு. அதே கேமராவுல உன்னை எடுத்துப் பக்கத்துல வெச்சுக் காட்டலாம்.”

அவன் எழுந்தான். ஒன்பது நாளில் முதல் தடவையாக முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

“சிரிக்கணுமாக்கா?”

“கல்யாணத்துக்கா எடுக்கிறேன்? மூஞ்சிய நேரா வெச்சுக்கோ, போதும்.”

வெயில் நேராக அவன்மேல் விழுந்தது. இந்த வெளிச்சத்தில் புள்ளி வராது. பூச்சும் வராது. முதல் படத்தில் சட்டைப் பொத்தானின் நூல்கூடத் தெரிந்தது. இரண்டாவதில், அவன் தோளுக்குப் பின்னால் சுவர் கொஞ்சம் கலங்கியிருந்தது. லென்ஸைத் துடைத்தாள். மூன்றாவது. கலங்கல் அவன் காதருகே.

நிமிர்ந்து பார்த்தாள். வெறும் சுவர்.

“தம்பி, இங்க வா.”

“ஏன்க்கா, நல்லா வரலையா?”

“வா!”

ஒரு அடி வைத்தான். தலை மட்டும் பின்னாலேயே நின்றது.

எலும்பு முறிந்தது. தாடை இடது பக்கம் போனது. அவன் அலறினான். அவன் வாயிலிருந்து தெறித்து ஜன்னலில் ரத்தம். அவள் உதட்டில் ரத்தம். அவன் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மறுபக்கம் இழுத்தது. சதை கிழியவில்லை. நகர்ந்தது. கன்னம். மூக்கு. உதடு. ஒரே இழுப்பு. வாய் இருந்த இடத்தைக் கன்னம் மூடியது. அலறல் உள்ளே மாட்டிக்கொண்டது.

பிறகு பிடி விட்டது.

அவன் விழவில்லை. வெயிலில் நின்றான். வலது கை மெல்ல எழுந்தது. நெற்றியில் தொடங்கிக் கீழே இறங்கி, கண்ணைத் தேடியது. மூக்கைத் தேடியது. வாயைத் தேடியது. எதுவும் கிடைக்காமல், மறுபடி நெற்றியிலிருந்து தொடங்கியது.