துவாய் சுழற்றியவன்

அம்பாறைப் பக்கத்து ஓடுபாதையில் நின்ற அந்தச் சின்ன விமானத்தை முதன்முதலாகக் கண்டபோது பஸாலுக்குச் சிரிப்பு வந்தது. இறக்கைகளின் அடியில் நீளக் குழாய்கள், குழாய் நெடுகத் துளைகள். வயலுக்கு மருந்தடிக்கிற பம்பை முதுகில் கட்டிக்கொண்டு வந்த கிழட்டுக் கொக்குப் போல இருந்தது. கிட்டப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியொரு மணம். சவர்க்காரத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் வரும் மணம். ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் குளித்தாலும் போகாது, சோற்றில் கைவைத்தால் சோறும் அதே மணம் மணக்கும்.

கரைக்கு அப்பால் ஓர் எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்து உடைந்து கிடந்த நாட்கள் அவை. தோணி எதுவும் கடலில் இறங்கக் கூடாதென்று கட்டளை. மேலே பறந்து எண்ணெய்ப் படலம் எங்கே போகிறதென்று பார்ப்பதும், அதைக் கரைக்கிற மருந்தை அதன்மேல் தெளிப்பதும்தான் விமானத்தின் வேலை. ஓட்டுகிறவர் கெப்டன் குணம், மட்டக்களப்பு மனிதர். பக்கத்தில் இருந்து கடலைப் பார்ப்பதும் மருந்து விசையை அழுத்துவதும் பஸால். சாய்ந்தமருதுக் கடற்கரையில் பிறந்தவன், கடலின் நிறம் தெரிந்தவன் என்றுதான் கொம்பனிக்காரர் அவனை எடுத்தார்கள்.

"எங்கட மருமகன் ப்ளேன்லதான் வேலைக்குப் போறாரு," என்று மாமி சல்மா உம்மா தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். பஸாலின் தலையும் கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

அன்று நல்ல வெயில். கடல் கறுப்புத் தோலைப் போர்த்துக்கொண்டு கிடந்தது. அலைகள் எழும்பப் பார்த்தன, பாரம் தாங்காமல் மறுபடி படுத்துக்கொண்டன. அந்தக் கறுப்பின் நடுவே ஒரு தோணி. என்ன நிறத் தோணி என்று தெரியாதபடி எண்ணெய் அப்பியிருந்தது. அதில் ஒருவன் எழும்பி நின்று, சிவப்புத் துணியொன்றைத் தலைக்கு மேலே வட்டமாகச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அங்க பாரும். உதவி கேக்கிறானோ?" என்றார் குணம்.

பஸால் சிரித்தான். அந்தக் கரையில் கரைவலை இழுக்கிறவர்களிடம் ஒரு சைகை உண்டு. மீன் கூட்டத்தைக் கண்டவன் தலைக்கு மேலே துணியைச் சுழற்றுவான். 'மீன் பட்டிருக்கு, வாங்க' என்று அதற்கு அர்த்தம். பஸால் நடை பழகுமுன்பே அந்தச் சைகையைப் பழகியவன்.

"இல்ல கெப்டன், மீனக் கண்டுட்டான். கூட்டாளிமாரக் கூப்பிடுறான். களவாத் தொழிலுக்கு வந்தவன், நாம கிட்டப் போனா ஓடிருவான்."

"நிச்சயமாத் தெரியுமோ?"

"எங்கட ஊர்ச் சைகை எனக்குத் தெரியாதா?"

வேறு எந்த ஊரானாக இருந்தாலும் அதைக் கண்டதும் ஐயோ என்றிருப்பான். ஊர் தெரிந்தவன் ஆனபடியால்தான் பஸால் பிழைவிட்டான். எண்ணெய்க்குள் என்ன மீன், எந்தக் கூட்டாளி வருவான் என்ற சின்னக் கேள்விகூட அவன் புத்தியில் தட்டவில்லை. தலைக்கனம் வந்த தலைக்குள் வேறு எதற்கும் இடமிருப்பதில்லை.

விமானம் தாழ்ந்தது. பஸால் விசையை அழுத்தினான். இறக்கைகளின் அடியிலிருந்து வெள்ளையாக மழை இறங்கியது.

தோணியில் நின்றவன் சுழற்றுவதை நிறுத்திவிட்டான். முகத்தை வானத்துக்குத் தூக்கி, வாயைத் திறந்தபடி நின்றான். அந்த வாய்க்குள்ளும் மழை விழுந்தது.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மனைவி றஸ்னா வாசல் படலையடியில் நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"நளீமக் காணல்ல. போட்ட வலை எண்ணெய்ல அழிஞ்சிரும், எடுத்துட்டு வாறன் எண்டு விடியக் காலம் போனான். மறிச்சன், கேக்கல்ல. கொடியில கிடந்த ஒங்கட செவப்புத் துவாயத் தலையில கட்டிக்கிட்டுப் போனான்."

பஸால் கொடியைப் பார்த்தான். வெறும் கயிறு.

நளீம் றஸ்னாவின் தம்பி. அந்த ஊர் வழமைப்படி கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குத்தான் குடிவருவான். பஸால் குடிவந்த அந்த வீட்டை, கல் கல்லாக, கடலில் கிடந்து உழைத்துக் கட்டியவன் நளீம். வீடு முடிந்த பிறகுதான் தனக்கு உடுக்க ஒரு நல்ல சேட் வாங்கினான்.

"நீங்க மேலால போனீங்கதானே? ஒரு தோணியும் காணல்லயா?"

ஒரு சொல் போதும். இன்ன இடத்தில் கண்டேன் என்றால் படகுகள் நேரே அங்கே போகும். ஆனால் அந்தச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றதும் வரும். கண்டாயே, பிறகு என்ன செய்தாய்? பிளேனில் போன மருமகன் மச்சானின் தலையில் மருந்தடித்தான் என்று ஊர் சிரிக்கும். வேலையும் போய்விடும், இந்த மிடுக்கான நடையும் போய்விடும்.

"காணல்ல," என்றான்.

சொன்ன பிறகு தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டான். கெட்டிக்காரன் நளீம், எப்படியும் கரைசேர்ந்துவிடுவான். சிவப்புத் துவாய் ஊரில் ஒன்றா இருக்கிறது?

அடுத்த நாள் விமானம் மருந்தடிப்பதோடு ஆளையும் தேடப் புறப்பட்டது. றஸ்னா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஒங்கட கண்ணத்தான் நம்பி இரிக்கன்," என்றாள். சல்மா உம்மா தொழுகைப் பாயை விட்டு எழும்பவேயில்லை.

"தம்பி, நேற்று ஒரு தோணி கண்டமே," என்றார் குணம்.

"அது மருதமுனைத் தோணி கெப்டன். நேத்தே கரைக்கு வந்துட்டு. நளீம் வடக்கதான் போயிருப்பான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் முதல் பிடியோடு நிற்க முடியாது. அள்ளி அள்ளி மூடத்தான் வேண்டும். நளீம் தெற்கே கிடந்தான். பஸால் விமானத்தை வடக்கே திருப்பவைத்தான்.

வடக்கே எண்ணெய் மெல்லிசாக, வானவில் நிறத்தில் படர்ந்திருந்தது. ஓரிடத்தில் வளைந்து திரும்பும்போது விமானம் சரிந்தது. பஸாலின் பக்கத்துச் சன்னலில் தெற்குக் கடல் முழுவதும் தெரிந்தது.

தூரத்தில், கறுப்பின்மேல், குங்குமப் பொட்டளவு ஒரு சிவப்பு.

அது சுழன்றது.

பஸால் கண்ணைக் கசக்கினான். மறுபடி பார்த்தான். நின்று நின்று, களைத்துக் களைத்துச் சுழன்றது.

பூட்டிய சன்னலுக்குள் சவர்க்கார மணம் ஏறியது. இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே, காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் யாரோ மூச்சுவிட்டார்கள். ஈரமான மூச்சு. தொண்டைக்குள் நுரை கொப்பளிக்கிற மூச்சு.

"மச்சான்..."

"கெப்டன், நீங்களா கதைச்சீங்க?"

"நான் வாயே திறக்கேல்லத் தம்பி. ஏன்?"

இது ஷைத்தானின் விளையாட்டு என்று பஸால் முடிவுகட்டினான். நளீம் மௌத்தாகிவிட்டான், ஏதோ ஜின் அவன் குரலில் கூப்பிடுகிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஷைத்தானை விரட்டும் ஆயத்துல் குர்ஸியை ஓதினான்.

"உம்மட பக்கம் ஏதும் தெரியுதோ?" என்றார் குணம்.

மூடிய கண் மூடியபடியே பஸால் சொன்னான்.

"காணல்ல."

மறுநாள் காலை ரோந்துப் படகொன்று தெற்கே தோணியைக் கண்டது. எண்ணெய் புகுந்து இயந்திரம் இறுகிப்போன தோணி. நளீம் உள்ளே கிடந்தான். டொக்டர் வந்து பார்த்துவிட்டு, "நேத்துப் பின்னேரம் வரைக்கும் உயிர் இருந்திருக்கு," என்றார்.

நேற்றுப் பின்னேரம் வரைக்கும்! அப்படியானால் ஜின்னும் இல்லை, ஷைத்தானும் இல்லை. ஓதினால் ஷைத்தான் ஓடும். எண்ணெய்க்குள் கிடக்கிற மனிதன் எங்கே ஓடுவான்?

ஜனாஸாவைக் குளிப்பாட்ட நெருங்கிய ஆண்கள்தான் நிற்க வேண்டும். மச்சான்காரன் ஒதுங்க முடியுமா? பஸால் தண்ணீர் ஊற்றினான். எத்தனை வாளி ஊற்றியும் கறுப்பு கழன்று வரவில்லை. உதட்டோரம் வெள்ளை நுரை துடைக்கத் துடைக்க ஊறியது. கண்கள் இரண்டும் வெந்து வெளிறியிருந்தன. வலது கை மட்டும் தலைக்கு மேலே தூக்கியபடி விறைத்துக் கிடந்தது. எதையோ பிடித்திருந்ததுபோல விரல்கள் மடிந்திருந்தன. உள்ளே ஒன்றுமில்லை. துவாயைத் தோணியிலும் காணவில்லை.

குளிப்பாட்டிய லெப்பை கையைத் தாழ்த்தப் பார்த்தார். அசையவில்லை. இன்னும் இரண்டு பேர் பிடித்து அமுக்கினார்கள். அசையவேயில்லை.

"நீங்க ஒருக்காப் பிடிங்க பஸால்."

பஸால் தொட்டான்.

கை தானாக இறங்கியது. இறங்கி, அவன் மணிக்கட்டின்மேல் விரல்களை வைத்துக்கொண்டது.

"பாத்தீங்களா, மச்சான்ட கை எண்டதும் எளகிட்டு. அவ்வளவு பாசம்," என்று லெப்பை கண்ணைத் துடைத்தார். பஸால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். பிரித்த இடத்தில் பதிந்த கறுப்பைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான், மணல் போட்டும் தேய்த்தான். போகவில்லை.

மையவாடியில் மண் போட்டுவிட்டு அவன் வீட்டுக்குத் திரும்பும்போது உச்சி வெயில். படலையடியில் கெப்டன் குணம் றஸ்னாவுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றார். துக்கம் கேட்க வந்த மனிதர், கள்ளமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க தங்கச்சி. தோணி கிடந்த இடத்தக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. அண்டைக்கே நான் கேட்டனான், உதவிக்கோ எண்டு. தம்பிதான் சொன்னவர், மீனக் கண்டு துவாய் சுத்துறான் எண்டு. அவருக்கும் ஆளத் தெரிஞ்சிருக்காது, பாவம்."

குணம் பஸாலின் தோளில் தட்டிவிட்டுப் போனார். றஸ்னா அழவில்லை. அவனைப் பார்க்கவுமில்லை. அவனுக்குப் பின்னால், முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரு அதக் கொண்டுவந்து போட்ட?"

பஸால் திரும்பினான்.

கொடியில் சிவப்புத் துவாய் கிடந்தது. ஈரத் துவாய். நுனியிலிருந்து கறுப்பாகச் சொட்டியது. கீழே மணல் கறுத்துக் குழிந்திருந்தது. அந்த மணம் முற்றம் முழுக்க நின்றது.

காற்றில்லை. முற்றத்துத் தென்னையில் ஓர் ஓலையும் ஆடவில்லை.

துவாய் மெல்ல எழும்பியது. ஒரு நுனியை யாரோ பிடித்ததுபோல நிமிர்ந்து, வட்டமாகச் சுழலத் தொடங்கியது.

"தெரியுதா?" என்றாள் றஸ்னா, மிக மெல்லிய குரலில்.

பழகிப்போன நாக்கு. அது அவனைக் கேட்கவே இல்லை.

"காணல்ல."

றஸ்னா தலையாட்டினாள். "எனக்குத் தெரியுது. எங்கட ஊர்ச் சைகைதானே. வாங்க எண்டு கூப்பிடுறான்." வீட்டுக்குள் ஏறினாள். "போங்க."

தம்பி கட்டிய வீட்டின் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பஸால் கதவில் மோதினான், பேர் சொல்லிக் கத்தினான். கதவுக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் கேட்டது.

அவனுக்குப் பின்னால் துவாய் சுழலும் சத்தம். ஈரத் துணி காற்றைக் கிழிக்கும் சத்தம். விர்ர்... விர்ர்...

பிறகு அது நின்றது.

பஸால் முகத்தைத் தூக்கி, வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்தான். மேகமும் இல்லை, விமானமும் இல்லை. வெள்ளையாக ஒரு துளி அவன் நாக்கில் வந்து விழுந்தது.