இடது பக்கத்துக் காற்று

காரிலிருந்து கழற்றிய ஏசி ப்ளோயர் மேசைமேல் கிடந்தது. அதன் ஒயரைக்கூடப் பிடுங்கியாயிற்று. ஆனால் காருக்குள், இடது பக்கத்து ஏசி வென்டில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் மெல்ல எழுந்து வெளியே நீண்டது.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மங்கலம் டார்ச்சை அதன்மேல் பிடித்தாள். ரிப்பன் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு வளைந்து திரும்பி, வென்டின் இடுக்குக்குள் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் வெளியே வந்தது.

"காத்து வருதா பிள்ள?" என்று காருக்கு அடியிலிருந்து அவள் கணவன் பகவதிப்பெருமாள் கேட்டான்.

"வருது."

"ரிப்பன் ஆடுதா?"

"நல்லா ஆடுது."

அவன் ஊதுவதால் ஆடுகிறது என்றுதான் அவள் நினைத்தாள். ஏசித் தண்ணீர் வெளியே வடியும் ட்யூப் அடைத்துக்கொண்டு, முன் சீட்டின் மிதியடி முழுக்க ஈரம். காற்றடிக்கும் மெஷினால் ஒரு நிமிட வேலை. ஆனால் ஆரியசாலை முழுக்கக் கரண்ட் இல்லை. அதனால் எல்லா மெக்கானிக்கும் செய்வதை அவனும் செய்தான். ட்யூபில் வாய் வைத்து ஊதினான். ரிப்பனைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை.

வண்டி காலையில் வந்தது. கோட்டைக்குள் அக்ரகாரத்தில் இருக்கும் வெங்கடேஸ்வரன் கொண்டுவந்து விட்டார். "வலப்பக்கம் ஐஸாட்டம் வர்றது. இடப்பக்கம் மட்டும் வெதுவெதுன்னு இருக்கு, யாரோ பக்கத்துல உக்காந்து மூச்சு விடறாப்பல. தனியாப் போறச்சே அந்த வென்டை மூடித்தான் வச்சிருக்கேன்" என்றார். சாவியைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார். "போன மழைக்கு உடம்பு சரியில்லாத அண்ணாவை பொன்முடி மலையிலேர்ந்து கூட்டிண்டு வந்தேன். அந்த சீட்லதான். கண்ணாடியைத் திறக்காதேடா, குளிர்றதுன்னார். விதுரா தாண்டறதுக்குள்ள முடிஞ்சுடுத்து." அதற்குப் பிறகுதான் இந்தக் கோளாறா என்று மங்கலம் கேட்க நினைத்தாள். அதற்குள் அவர் குடையை விரித்துப் படியிறங்கியிருந்தார்.

பகவதிப்பெருமாள் காருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். எழுந்து நின்று, வாயைத் துடைத்துத் துப்பினான். "பழைய மருந்துக் கசப்பு" என்றான்.

காருக்குள் ரிப்பன் எழுந்தது.

"இன்னும் ஆடுதுங்க."

"வெளிக்காத்தா இருக்கும். சாரமில்ல, விடு."

நான்கு கண்ணாடிகளும் ஏறியிருந்தன. ப்ளோயரைக் கழற்றிய ஓட்டையில் துணி அடைத்திருந்தது. தகரக் கூரைமேல் மழை ஒரே சீராக இரைந்தது; ஈர சிமென்ட், கிரீஸ், பக்கத்துக் கிட்டங்கியில் அடுக்கிய மிளகாய் மூட்டைகளின் நெடி எல்லாம் கலந்து தொண்டையில் நின்றன. மங்கலம் ரிப்பனையே பார்த்தாள். வெளியே நீளம். நடுவில் ஒரு சிறு தடுக்கல். பிறகு நடுங்கி நடுங்கி உள்ளே. இந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் இருட்டில் படுத்துக்கொண்டு இதைத்தான் கேட்டிருக்கிறாள், அடுத்தது வருமா என்று பயந்துகொண்டே.

அவனுடைய இழுப்பு.

திரும்பிப் பார்த்தாள். அவன் மேசையருகே நின்று போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். இப்படி மழை கொட்டும்போது அவன் நெஞ்சு விசிலடிக்கும். இன்று சத்தமே இல்லை.

"நெஞ்சு எப்படி இருக்கு?"

ரிப்பன் வெளியே வந்தபோதுதான் அவன் பேசினான். "லேசா இருக்கு. வருசக்கணக்கா இப்படி இருந்ததில்ல, கேட்டியா."

அவள் கையை நீட்டினாள். வெதுவெதுப்பான காற்று உள்ளங்கையில் பட்டது. வென்டை மூடி அழுத்தினாள்.

மேசையருகே மண்ணெண்ணெய்க் கிண்ணம் விழுந்து உருண்டது. பகவதிப்பெருமாள் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். வாய் திறந்திருந்தது. உதடு கறுத்தது. அவள் சட்டென்று வென்டைத் திறந்துவிட்டாள். ரிப்பன் துள்ளி எழுந்தது. அவன் நிமிர்ந்தான்.

"தலை சுத்திட்டு. காலையில ஒழுங்காத் திங்கல."

"அந்த ட்யூப்ல திரும்பவும் வாய் வைங்க. உள்ள இழுங்க."

"எதுக்கு?"

"உங்க மூச்சு அதுக்குள்ள இருக்கு."

அவன் சிரித்தான். வாய் மட்டும் சிரித்தது. சிரிப்புச் சத்தம் ரிப்பன் எழுந்த பிறகு வந்தது. "டிவி பாத்துப் பாத்து உனக்கு மண்டை கழண்டு போச்சு. நகரு பிள்ள."

அவன் ப்ளோயரை மாட்டினான். எஞ்சினை ஓடவிட்டான். இரண்டு பக்கமும் ஒரே குளிர். ரிப்பன் இப்போது விடாமல் பறந்தது. அதற்கு நடுவே அந்தத் தடுக்கல். அவளுக்கு மட்டும் தெரிந்தது.

வாசலில் ஆட்டோ நின்றது. வெங்கடேஸ்வரன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து, சீட்டில் உட்கார்ந்து, வென்டில் விரலை வைத்துப் பார்த்தார். "பேஷ். மலைக் குளிர் மாதிரி இருக்கே."

"சார், வண்டி இன்னிக்கு இங்கயே நிக்கட்டும்" என்றாள் மங்கலம்.

"வேலை முடியலையா?"

"முடிஞ்சுது சார்" என்றான் பகவதிப்பெருமாள். "அவ சும்மா சொல்லுதா."

"சார், ஒண்ணே ஒண்ணு. அந்த இடது பக்கத்தை மட்டும்..."

எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கண்ணாடி மேலே ஏறியது. வண்டி பின்னால் நகர்ந்து சந்துக்குள் திரும்பியது.

அவன் ரிப்பனை அவிழ்க்க மறந்திருந்தான்.

மங்கலம் வாசலில் நின்றாள். சந்தின் முனையில் லாரி ஒன்று அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. கார் அதன் பின்னால் நின்றது. பிரேக் விளக்கின் சிவப்பு மழைத் தண்ணீரில் நடுங்கியது. அதுவரைக்கும் தூரமில்லை. ஓடினால் பிடித்துவிடலாம்.

பின்னால் ஸ்டவ் அணையும் சத்தம். பகவதிப்பெருமாள் ஒரு தம்ளர் சாயாவோடு வந்து பக்கத்தில் நின்றான். கொதிக்கக் கொதிக்க இருந்தது. உதட்டைக் குவித்து ஊதினான்.

ஆவி கலையவில்லை. தம்ளரிலிருந்து நேராக மேலே போனது. அவன் மறுபடியும் ஊதினான். நேராகவே போனது.

அவன் அவளைப் பார்த்தான். இப்போது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

அவள் ஓடினாள். தண்ணீர் முழங்கால்வரை தெறித்தது. சேலை காலைச் சுற்றியது. "சார்." கண்ணாடி எல்லாம் ஏறியிருந்தது. "சார், மூடாதீங்க."

லாரி நகரவில்லை. காருக்குள் விளக்கு எரிந்தது. பின் கண்ணாடி வழியே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வெங்கடேஸ்வரனின் நரைத்த தலை. காலியான இடது சீட்டு. ஏறி இறங்கும் ரிப்பன்.

அவர் ரிப்பனைப் பார்த்தார். தலையைச் சாய்த்தார்.

இடது பக்கம் சரிந்து, வென்டை நோக்கிக் கையை நீட்டினார்.