நான்காம் செவி

காலை பத்து மணிக்கு அஞ்சுகம் கழிப்புப் பட்டியலைத் திறந்தாள். கடல் இப்போது ஊரைவிட இரண்டு ஆள் உயரத்தில் நின்றது. அதைத் தடுத்து நின்ற மதிலில் பதித்த செவிகள் கேட்பதையெல்லாம் கணினி கோடாக வரையும். அதிலிருந்து ஊருக்குத் தெரிந்த சத்தங்களைக் கழித்துவிட வேண்டும்: மாவு மில், மீன் லாரி, பள்ளிக்கூட மணி. மிச்சம் நின்றால் அது மதிலின் சத்தம்.

நான்காம் செவி பதினோரு நாளாக உறுமிக்கொண்டிருந்தது. அது கணினி மேசைக்கு நேர் பின்னால் இருந்ததால், உடன் வேலை பார்க்கும் மரியசூசை தினமும் “கணினி விசிறி” என்று எழுதிக் கழித்தார். அஞ்சுகமும் அதன் கீழ் கையெழுத்துப் போட்டாள். இருவர் வீடும் மதிலடியில், நான்காம் தெருவில். விரிசல் என்று சங்கு ஊதினால் அரை மணியில் ஊருக்குள் இருக்கும் இரண்டாம் மதிலான உள்மதில் இறங்கி, அந்தத் தெருவைக் கடல் பக்கம் விட்டுவிடும். இறங்கிய மதிலை ஏற்ற வழியில்லை.

இன்று கோடு தடித்திருந்தது. விசிறிதானா என்று பார்த்தே முடித்துவிடலாம் என்றாள். கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசியை ஊதினாள். இறகில் உரசிய ஒயரை ஒதுக்கிக் கட்டினாள். முன் விசிறியின் நடுக்குமிழை ரப்பரால் அழுத்தியதும் கிரீச்சொலி நின்றது. கோடு பாதியாக இறங்கியது.

“ஆளு சிக்கிட்டான். எங்க வீட்டு மிக்சிக்குத் தம்பி மாதிரி கத்துறான்,” என்று சிரித்த மரியசூசை, புது விசிறி கேட்டு எழுதப் பேனாவைத் தேடினார்.

மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள் அஞ்சுகம். செயலி விசிறியையும் மின்பெட்டி விசிறியையும் தனித்தனியே நிறுத்தியும் கோடு அசையவில்லை. மூன்றையும் ஒன்றாக நிறுத்த அவளுக்கு இரண்டு கைதான் இருந்தது.

“ஒரு வெரல் குடுங்கண்ணே.”

அவர் தயங்கித்தான் கொடுத்தார். அறை அமைதியானது. திரையில் சூடு அறுபத்திரண்டு, எழுபத்தொன்பது, தொண்ணூற்றொன்று என்று ஏறியது. நூறில் கணினி தானே அணைந்துவிடும். கோடு இறங்கவில்லை.

விரலை எடுத்துக்கொண்ட மரியசூசை, செவியே பழுதாக இருக்கும், மாற்றிப் பார்க்கலாம், புதுச் செவி வர மூன்று நாள்தானே என்றார். அஞ்சுகம் பதினோரு நாள் கழிப்பையும் அழித்தாள். கோடு தன்னைத் திரும்ப வரைந்தது. நாளுக்கு ஒரு படியாக ஏறியிருந்தது.

“நம்ம கழிச்சது இதத்தாண்ணே,” என்றாள். சங்கின் முத்திரையை உடைத்துக் கைப்பிடியை இழுத்தாள்.

மரியசூசை அந்தப் படிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

“அம்மாவ வண்டியில ஏத்து, ரோசலி. சாவியத் தேடாத. கதவு தொறந்தே கெடக்கட்டும்.”