கிழக்குப் பக்கம் போகாதே!

டெலிபோன் அலறியது.

மார்வா ஹேஸல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ரிசீவரை எடுத்தாள்.

கரீபியன் கடலில் உள்ள பெக்வே தீவின் துறைமுகத் தெருவில், தூண்டில் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அவளுடைய ஆபீஸ். பாய்மரப் படகில் விடுமுறை போகிறவர்களுக்கு வழி போட்டுக் கொடுப்பது தொழில். எந்தத் தீவில் எந்த ராத்திரி, எங்கே நங்கூரம், எங்கே நல்ல சிங்கி இறால் கிடைக்கும்... எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுக்குப் போன் செய்கிறவர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகத்தான் பேசுவார்கள். விடுமுறையாயிற்றே!

இந்தக் குரல் அழுதுகொண்டிருந்தது.

"மார்வா ஹேஸல்தானே? தயவு செஞ்சு நான் சொல்றதைக் கேளுங்க. என் புருஷன் இப்ப உங்ககிட்டதான் வந்துட்டிருக்கான். கிழக்குப் பக்கமா வழி கேப்பான். போட்டுக் குடுத்துடாதீங்க."

"யாரும்மா நீங்க?"

"ஆல்த்தியா. பார்படோஸ்லேர்ந்து வந்திருக்கோம். பிரிஞ்சிடலாம்னு அவன்கிட்ட சொன்னேன். மறுநாளே இந்தப் படகை வாடகைக்கு எடுத்துட்டான். என் பொறந்த நாளுக்காம்..."

குரல் உடைந்தது.

"என் பொறந்த நாள் முடிஞ்சு மூணு மாசமாச்சு."

மார்வா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

கரைக்கு வந்துவிடுங்கள் என்றாள். எப்படி வருவது என்று அழுதாள் ஆல்த்தியா. கரைக்கு வருகிற ரப்பர் படகை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். விரிகுடா நடுவே அவள் மட்டும் தனியாக. அவளுக்கு நீந்தவும் தெரியாது.

"உங்க படகு பேரு என்ன? எந்தப் பக்கம் நிக்குது?"

பதில் வரவில்லை. லைன் செத்துப் போயிருந்தது.

மார்வா ஜன்னலுக்கு ஓடினாள். வெயிலில் விரிகுடா மின்னியது. பாய்மரங்கள்... பாய்மரங்கள்... எங்கு பார்த்தாலும் பாய்மரங்கள். இதில் எது ஆல்த்தியாவின் படகு?

போலீஸ் ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான். கைப்பையைத் தேடக்கூட நேரமில்லை என்று கதவை நோக்கிப் பாய்ந்தாள்.

பாய்ந்தவள் அப்படியே நின்றாள்.

மாடிப்படியில் காலடிச் சத்தம்!

அவன் மதிய வணக்கம் சொல்லாமல் உள்ளே வந்தான். அந்தத் தீவில் எதிரி வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள். இவன் சொல்லவில்லை. ஐம்பது வயது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. உதட்டில் மட்டும் சிரிப்பு.

தன் பெயர் கார்லைல் பில்கிரிம் என்றான். மனைவியின் பிறந்த நாளுக்காக ஒரு வாரம் கடலில் சுற்ற வேண்டும், நல்ல வழியாகப் போட்டுத் தரச் சொன்னான். சுவரோரம் கிடந்த நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்தான்.

அலமாரியில் இருந்த ரேடியோ தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. தேங்காய் ரொட்டி சூடாக இருக்கிறதாம். யாரோ ஒருவருக்கு டாக்ஸி வேண்டுமாம். பெக்வேயில் படகுகளும் கடைகளும் ஒரே அலைவரிசையில்தான் பேசிக்கொள்ளும். ஒருவர் மைக்கின் பொத்தானை அமுக்கிப் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும்.

மார்வா கடல் வரைபடத்தை மேஜையில் விரித்தாள். எல்லாருக்கும் சொல்வதையே அவனுக்கும் சொன்னாள். முதலில் மஸ்டீக் தீவு. அப்புறம் கனவான் தீவின் மேற்குக் கரை. அப்புறம் மேரோ. கடைசியில் ஆமைகள் நீந்தும் டொபேகோ திட்டுகள். எல்லாம் பகல் பயணம், அமைதியான தண்ணீர்.

அவன் விரல் வரைபடத்தில் நகர்ந்தது. கனவான் தீவைத் தாண்டி... கிழக்கே.

"இந்தப் பக்கமா போடுங்க."

"அங்க யாரும் போறதில்லீங்க. பூரா பவளப் பாறை. அட்லாண்டிக் அலை நேரா வந்து மோதும். போன்கூட எடுக்காது."

"அதனாலதான் கேக்குறேன். கூட்டம் இருக்காது. இன்னிக்குச் சாயங்காலமே கிளம்புறோம். உங்க கையால எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுங்க."

எப்படியாவது இவன் மனதை மாற்ற வேண்டுமே! மார்வா பாறைகளைப் பற்றிச் சொன்னாள். நீரோட்டத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். அவளுக்குப் பதற்றம் தலைக்கேறியது. வாய் முந்திக்கொண்டது.

"நீந்தத் தெரியாத பொம்பளைய வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போகலாமா சார்?"

சொன்ன பிறகுதான் உறைத்தது.

கார்லைலின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அவளுக்கு நீந்தத் தெரியாதுன்னு நான் சொல்லவே இல்லையே!"

எழுந்தான். நிதானமாக நடந்து போய்க் கதவைப் பூட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவன் கையில் மீன் குடல் எடுக்கிற மெல்லிய கத்தி இருந்தது.

ஆனால் அவன் முதுகு காட்டிய அந்தக் கொஞ்ச நேரத்தில் மார்வா ஒரு காரியம் செய்திருந்தாள். ரேடியோவின் மைக்கை எடுத்து, அதன் சுருள் கம்பியோடு, மேஜைக்கு அடியில் கொண்டுவந்திருந்தாள். இப்போது பொத்தானை அமுக்கினாள்!

ரேடியோவின் இரைச்சல் நின்றது. பொத்தானை அமுக்கினால் அப்படித்தான் நிற்கும். இனி இந்த அறையில் பேசுவதெல்லாம் ரொட்டிக் கடையில் கேட்கும், சலவைக் கடையில் கேட்கும், ஒவ்வொரு படகிலும் கேட்கும்.

'பேசுடா, பேசு!' என்று மனதுக்குள் கத்தினாள்.

வெளியே தழுதழுத்த குரலில் கேட்டாள்.

"உங்க மனைவியை என்ன பண்ணப் போறீங்க?"

"ராத்திரி அலை கொஞ்சம் பெருசா வரும். நான் தூங்கிட்டு இருப்பேன். அவ மேல்தளத்துல தனியா நிப்பா. அவ்வளவுதான்."

"உங்களுக்குக் கடல் தெரியும்போல இருக்கே... என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"அங்க ஏன் போனேன்னு நாளைக்குப் போலீஸ் கேக்கும்ல? மார்வா ஹேஸல் போட்ட வழி சார், நான் என்ன கண்டேன்னு அழுவேன். இந்தத் தீவுகள்ல உங்க பேச்சுக்கு மறுபேச்சு உண்டா? பழி உங்களுக்கு. அவ வீடும் கரும்புத் தோட்டமும் எனக்கு."

மார்வாவின் கட்டைவிரல் மரத்துப் போனது. விடவில்லை. ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது! இன்னும் கொஞ்ச நேரம்தான்... படிக்கட்டு அதிரப் போகிறது... கதவு உடையப் போகிறது...

படிக்கட்டு அதிரவில்லை.

கார்லைல் குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்து எதையோ எடுத்தான். மேஜை மேல் போட்டான்.

ரேடியோவின் பிளக்!

"திரும்பி வந்து உக்காரும்போதே புடுங்கிட்டேன். ரொம்ப நேரமா அமுக்கிக்கிட்டு இருக்கீங்களே, விரல் வலிக்கலை?"

ஒரு ஈ காக்காய்கூடக் கேட்கவில்லை. அத்தனையையும் கேட்ட ஒரே ஆள் மார்வாதான். அப்படிக் கேட்ட ஆளை இவன் உயிரோடு விடுவானா?

எழுதச் சொன்னான். எழுதினாள். கனவான், கிழக்குக் கரை, இரவுப் பயணம். கையெழுத்து கோணலாக விழுந்தது. கத்தி முனை விலாவில் பட்டபோது அழுகையை விழுங்கிக்கொண்டு எழுந்தாள்.

"நீங்களும் எங்ககூட வர்றீங்க. வழி காட்ட வந்த அம்மாவையும் சேத்து அலை அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னா, ஊரே எனக்காக அழும்."

மடித்த வரைபடத்தால் கத்தியை மறைத்துக்கொண்டான். அவளை அணைத்தாற்போலப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தான்.

திறந்தவன் திகைத்துப் போனான்.

படிக்கட்டு முழுக்க ஆட்கள்!

முதல் ஆளாகச் சலவைக் கடை மிஸ் ஐலீன் நின்றாள். கதவை முழுதாக அடைக்கிற உடம்பு. அவளுக்குப் பின்னால் இறால் பிடிக்கிற கஸ்வெல். அவனுக்குப் பின்னால் படகுத் தொப்பியோடு வெள்ளைக்கார வயசாளிகள், கீழ்ப் படி வரைக்கும். எல்லார் முகத்திலும் கோபம்.

"மணி நாலைத் தாண்டி எவ்வளவு நேரமாச்சு! வானிலை எங்கடீ?" என்றாள் மிஸ் ஐலீன்.

மார்வா விழித்தாள். பயத்தில் அவளுக்கே மறந்து போயிருந்தது. தினமும் நாலு மணிக்கு ரேடியோவில் வானிலை படிப்பது அவள்தான். காய்ச்சலில் படுத்தாலும் படிப்பாள். தங்கை கல்யாணத்தன்றுகூட மாதாகோயில் வாசலில் நின்று படித்தாள். இத்தனை வருஷத்தில் இன்றுதான் முதல் தடவையாக அவள் குரல் வரவில்லை. கடலை நம்பிப் பிழைக்கிற ஊர் பொறுக்குமா? நேராகப் படியேறிவிட்டது!

அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தி இன்னும் அழுந்தியது.

இந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, காற்றாட எங்கள் படகுக்கு அழைத்துப் போகிறேன் என்று கார்லைல் குழைந்தான்.

"தாராளமா கூட்டிட்டுப் போ ராசா. படிச்சிட்டு வரட்டும்."

மிஸ் ஐலீன் அவனை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். மேஜை மேல் கிடந்த பிளக்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இதைச் சொருகத் தெரியாமலா இத்தனை பேரைப் படியேற வைத்தாய் என்று திட்டியபடியே அதைச் சொருகினாள். ரேடியோ உயிர் பெற்று இரைந்தது.

கார்லைல் மார்வாவை விட்டு இம்மிகூட நகரவில்லை. அவள் காதருகே குனிந்தான்.

"வானிலை மட்டும். வேற ஒரு வார்த்தை வந்துச்சு... கத்தி உள்ள போயிடும்."

மார்வா மைக்கை எடுத்தாள். விரிகுடாவில் எங்கேயோ ஒரு படகில், நீந்தத் தெரியாத ஒருத்தி இந்தக் கொலைகாரனின் ரப்பர் படகுச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இரண்டு உயிர் போகும். திறந்தால் ஒன்றோடு போகும்.

கண்ணை மூடிக்கொண்டாள். தினமும் படிக்கிற அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் ஆரம்பித்தாள்.

"அனைத்துப் படகுகளுக்கும் மாலை வணக்கம். காற்று, கிழக்கிலிருந்து இருபது நாட் வேகம். அலை, எட்டடி. கத்தி, என் விலாவில், இடது பக்கம். பிடித்திருப்பவர் வெள்ளைச் சட்டை. இரவில் மனைவியைக் கடலில் தள்ளத் திட்டம். மனைவியின் பெயர் ஆல்த்தியா. ஏதோ ஒரு படகில் தனியாக இருக்கிறார். நீந்தத் தெரியாது. அருகில் உள்ளவர்கள் உடனே செல்லவும்."

கார்லைலுக்கே புரிய ஒரு கணம் பிடித்தது. அந்தக் குரல் அப்படி!

வயசான வெள்ளைக்காரர் ஒருவர் 'கத்தி, இடது பக்கம்' என்று குறித்துக்கொண்டு, அப்புறம்தான் தலையை நிமிர்த்தினார். ஆனால் கஸ்வெல் குறிப்பெடுக்கிற ஆள் இல்லை. இறால் பொறி இழுத்துக் காய்த்த அவன் கை, கார்லைலின் மணிக்கட்டை முறுக்கிப் பின்னால் இழுத்தது. கத்தி மார்வாவின் சட்டையைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்தது. அடுத்த நொடி கார்லைலும் விழுந்தான். அவன் எழுந்திருக்கப் பார்த்தான். மிஸ் ஐலீன் அவன் முதுகில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவன் எழுந்திருக்கப் பார்க்கவில்லை.

ரேடியோ இரைந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரைச்சலுக்கு நடுவே ஒரு மெல்லிய குரல், மைக்கைப் பிடிக்கத் தெரியாத குரல்...

"நான்தான்... ஆல்த்தியா. பச்சைக் கோடு போட்ட படகு. யாராச்சும் வாங்களேன்..."

விரிகுடா முழுக்க மோட்டார்கள் உறுமின. மார்வா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். ரப்பர் படகுகளும் மீன் படகுகளும் நாலா பக்கத்திலிருந்தும் பச்சைக் கோடு போட்ட படகை நோக்கிப் பறந்தன. ரொட்டிக் கடைக்காரர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். மேல்தளத்தில் நின்ற ஒரு சின்ன உருவம் இரண்டு கைகளையும் நீட்டியது. அவர் அதை அள்ளிக்கொண்டார்.

அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது. மார்வா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ போலீசுக்கு ஓடினார்கள்.

மிஸ் ஐலீன் மட்டும் கார்லைலின் முதுகை விட்டு எழுந்திருக்காமலே அவளைக் கூப்பிட்டாள்.

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம் கண்ணு. பாதியிலயே நிறுத்திட்டியே... மழை வருமா, வராதா? ஹோட்டல் துணியெல்லாம் கொடியில கிடக்குது!"