சொல்லாத உத்தரவு

பிளிமத் துறைமுகத்தை ஒட்டிய தெருவில், லஸ்கம் அம்மாளின் மாடியறைக்கு ஒரு ஞாயிறு மதியம் குடிவந்தார் கமாண்டர் டிரவேனியன். போர் முடிந்தும் கடற்படைத் தொப்பியைக் கழற்ற மனம் வராத மனிதர். எந்தக் கப்பலில் இருந்தீர்கள் என்று தெருவே கேட்டது. "பல கப்பல்ல" என்று நழுவினார். தெருவுக்கு அது போதுமா என்ன!

தேநீர் வேளையில் லஸ்கம் அம்மாள் கேக்கை நறுக்கியபடி பேச்செடுத்தாள்.

"எம்புள்ள வில்ஃப், ஹால்பர்ட் கப்பல்ல வயர்லெஸ்காரன். கப்பலோடயே போயிட்டான். குண்டு போட்டு மூழ்கடிச்சப்ப, விமான உதவி கேக்காம தூங்கிட்டானாம். தெருவே சொல்லுது. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா சார்?"

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

தெரியும். அந்தக் கப்பலில் அட்மிரலுக்கு அடுத்து நின்றவர் அவர்தான். கப்பல் இருக்குமிடம் எதிரிக்குத் தெரியக் கூடாதென்று வயர்லெஸ்ஸை ஊமையாக வைத்திருந்தார்கள். எதிரி விமானம் தலைக்கு மேல் வட்டமிட்டுப் பார்த்துவிட்டுப் போன பிறகும் ஊமைதான். அட்மிரல் வாய் திறக்கவில்லை. அவருக்கு முன் மற்றவர் திறப்பது மரியாதையில்லை. கரையில் நம் விமானங்கள் சும்மா நின்றன. விமானம் வரச்சொல்லிச் செய்தி அனுப்பட்டுமா என்று வில்ஃப் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான்.

"தெரியாதும்மா," என்றார்.

எண்ணெயும் உப்புத்தண்ணீரும் கலந்த வாடை அறைக்குள் மெல்லப் பரவியது.

அம்மாளின் நாற்காலிக்குப் பின்னால் ஒருவன் நின்றான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரை நனையவில்லை.

"சார்... அனுப்பட்டுமா?"

அம்மாளுக்குக் கேட்கவில்லை.

"சார்... அனுப்பட்டுமா?"

அன்றும் இதே பணிவு. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"என்ன சார், முகம் சுண்ணாம்பாட்டம் வெளுத்துப்போச்சு? கேக்கு அவ்வளவு மோசமா? ரேஷன்ல முட்டை எங்க குடுக்குறான்!"

அவர் தலை குனிந்தார்.

"அனுப்பு."

"யாருகிட்ட பேசுறீங்க?"

"உங்க பையன்கிட்ட. அவன் தூங்கலைம்மா. கேட்டுக்கிட்டே இருந்தான். நாந்தான் பொறுன்னேன்."

லஸ்கம் அம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். "அவனுக்காக நான்தானே சார் இந்தத் தெருவுல தலைகுனிஞ்சு நடந்தேன்."

அப்போது கூரைக்கு மேல் இரைச்சல்.

விமானங்கள்.

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. வாய் ஓயாத தெரு மொத்தமும் வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தது. நீல வானம். ஒரு பறவைகூட இல்லை.

இரைச்சல் மட்டும் அந்த வீட்டின் மேலேயே வட்டமடித்தது, டிரவேனியன் பெட்டியோடு ரயிலேறிப் போன பிறகும்.