விற்காத தொட்டில்

அரிமளம் கடைத்தெருவில் வயிரவனின் மரச்சாமான் கடை எல்லோருக்கும் தெரியும். அங்கே உட்கார்ந்து பார்க்காமல் நாற்காலி வாங்குகிறவர் கிடையாது. உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிவிட்டு, வாங்காமல் போகிறவர்கள்தான் அதிகம்!

வயிரவனின் தாத்தா மணைப்பலகை விற்று ஆரம்பித்த கடை அது. அப்பா ஊஞ்சல் விற்றார். வயிரவன் பீரோவும் மேசையும் விற்றார். ஆனால், தாத்தா காலத்துத் தேக்குத் தொட்டிலை மட்டும் யாரும் விற்கவில்லை. வீட்டில் பிள்ளை பிறந்தால் அது வீட்டுக்குப் போகும். பிள்ளை தவழ்ந்ததும் கடைக்குத் திரும்பிவிடும். வயிரவன் அதில் தூங்கியவர்தான். அவர் மகள் உண்ணாமலையும் அதில் தூங்கியவள்தான்.

இந்தத் தடவை தொட்டில் சீக்கிரமே திரும்பிவிட்டது. உண்ணாமலையின் தம்பிப் பாப்பா காய்ச்சலில் இறந்துபோனான்.

அவனைப் பெற்ற ஆத்தா சேதுலட்சுமி அதன் பிறகு கடைப் பக்கமே வருவதில்லை. அப்பச்சி வயிரவன் தொட்டிலைச் சாக்குப் போட்டு மூடிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் உண்ணாமலை அதன் பக்கத்தில் போய் உட்காருவாள். சாக்குக்குள் கைவிட்டுத் தொட்டுக்கொண்டிருப்பாள். ஆட்டமாட்டாள். வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாதல்லவா?

ஒருநாள் அப்பச்சி சொன்னார்: “நாளைக்கு ஆசாரி வாராரு. இதைப் பிரிச்சு முக்காலி பண்ணிரலாம்.”

“வேணாம் அப்பச்சி!”

“பாக்கப் பாக்க மனசு வேகுதுத்தா. என்னால தாங்க முடியலை.”

உண்ணாமலை தொட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தம்பி இருந்ததற்கு அடையாளம் அந்தத் தொட்டில் ஒன்றுதான்.

அப்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் கடைக்கு வந்தாள். பெயர் பொன்னுத்தாய். பர்மாவில் சண்டை மூண்டதும் அங்கிருந்து நடந்தே தப்பி வந்தவள்.

“ஒடைஞ்ச பெட்டி ஏதும் இருந்தாக் குடுங்கய்யா. ஒண்டியிருக்கிற கொட்டகையில தூளி கட்ட உத்தரம் இல்லை. தரையில போட்டா எறும்பு கடிக்குது.”

உண்ணாமலை சாக்கை இழுத்துப் போட்டாள். “இதை எடுத்துக்கங்க!”

பொன்னுத்தாயின் முகம் மலர்ந்தது. அப்பச்சி பதறினார். “அது வேணாம்மா. அது வந்து…”

குழந்தையின் கையெல்லாம் எறும்புக் கடி. பேசாமல் கொடுத்துவிடலாமா என்று உண்ணாமலை நினைத்தாள். மறைத்துக் கொடுக்க மனம் வரவில்லை.

“இதுல தூங்குன என் தம்பி செத்துப்போயிட்டான். அப்படிப்பட்ட தொட்டில் ஆகாதும்பாங்க. ஒங்களுக்குச் சம்மதம்னா எடுத்துக்கங்க.”

பொன்னுத்தாய் அவள் தலையைத் தடவினாள். “என் மூத்த மகளும் வர்ற வழியில போயிட்டா. காட்டுக்குள்ளயே விட்டுட்டு வந்தேன். தொட்டில் என்னத்தா பண்ணும், பாவம்!”

அப்பச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டிலைத் தலையில் தூக்கினார். கொட்டகைக்குப் போகிற வழியில்தான் வீடு. வாசலில் ஆத்தா நின்றாள். தொட்டிலைப் பார்த்ததும் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். உண்ணாமலைக்குப் பயமாக இருந்தது.

ஆத்தா ஒரு குட்டி மெத்தையோடு வெளியே வந்தாள். “வெறும் பலகையில பிள்ளை எப்படித் தூங்கும்?”

பொன்னுத்தாய் மெல்லக் கேட்டாள்: “ஒங்க புள்ளைக்கு என்ன பேருங்க?”

“சொக்கு” என்றாள் ஆத்தா.

அவன் போனபிறகு அவள் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். உண்ணாமலையும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“சிரிச்சான்னா ரெண்டு கன்னத்துலயும் குழி விழும்” என்று ஆத்தா பொன்னுத்தாயிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

“ஒரு கன்னத்துலதான் ஆத்தா” என்று உண்ணாமலை திருத்தினாள்.

அப்பச்சி தொட்டிலை இறக்கிவைத்தார்.

“இடது கன்னத்துல” என்றார்.